ஷெட்டில் நின்றுபோன பழைய கார்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம் என இந்தக் கரை முழுக்கப் பழைய வீடுகளின் பின்கட்டிலும் தென்னந்தோப்புக் கொட்டகையிலும் அம்பாசடரும் ஃபியட்டும் இன்னும் நிற்கின்றன. வாங்கியவர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். கொட்டகையைத் திறந்தவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்தவை. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. எங்க தாத்தாவோட அம்பாசடர் தோப்புக் கொட்டகையில 25 வருசமா நிக்குது. மொதல்ல என்ன செய்யணும்?

முதல் நாள் எதையும் கழற்றாதீர்கள், கழுவாதீர்கள், சாவியைத் திருப்பாதீர்கள். கையுறை, டார்ச், நீளமான கம்பு, இவை போதும். டிக்கியிலும் சீட்டுக்கு அடியிலும் எலி கூடு கட்டியிருந்தால் அதைத் தேடிப் பாம்பும் வந்திருக்கும். கம்பால் தட்டி, எல்லாக் கதவையும் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் தள்ளி இருங்கள்.

பிறகு படம் எடுங்கள். நான்கு பக்கம், உள்ளே, பானெட்டுக்குள், அடியில், ஒவ்வொரு ஒயர் இணைப்பு என 100 படமாவது வேண்டும். ஆறு மாதம் கழித்து எந்த ஒயர் எங்கே போனது என்று சொல்லப்போவது அந்தப் படங்கள்தான். சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள்.

கிளவ் பாக்ஸ், சீட்டுக்கு அடி, கண்ணாடி மறைப்பின் இடுக்கு எல்லாவற்றிலும் காகிதம் தேடுங்கள். பழைய இன்சூரன்ஸ் தாளோ வரி ரசீதோ கிடைத்தால், ஆர்டிஓ ஆபீஸில் அது பெரிய துணை. வண்டிக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் குரோம் பட்டை, கைப்பிடி, விளக்கு வளையம் எதையும் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள், ஒரு சாக்கில் கட்டி வையுங்கள்.

2. அம்பாசடரா ஃபியட்டா, எந்த வருசத்து வண்டின்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இங்கே கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவத்தில் உத்தர்பாராவில் செய்யப்பட்டது. பல மாடல்களில் 1489 சிசி இன்ஜின், உற்பத்தி நின்றது 2014 மே மாதம். அடுத்தது ஃபியட் 1100. அதே வண்டிதான் 1970-களில் பிரீமியர் பத்மினி ஆனது. 1089 சிசி, ஸ்டீயரிங் தண்டில் கியர். மூன்றாவது, சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சிசி, பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எண்ணிக்கையில் இதுதான் மிகக் குறைவு.

அம்பாசடரும் ஃபியட்டும் தனிச் சேஸ் இல்லாதவை, பாடியே எலும்புக்கூடு. ஹெரால்டுக்குத் தனிச் சேஸ் உண்டு, அதன் மேல் பாடியைப் போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். துருவை எங்கே தேடுவது என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. வருடத்தைக் கிரில்லை வைத்து முடிவு செய்யாதீர்கள், கிரில்லை மாற்றாதவர் குறைவு. சேஸ் நம்பரும் ஆர்.சி.யும்தான் சாட்சி.

3. கடல்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளித்தானே நிக்குது, கூரையும் இருக்கு. ஏன் இவ்வளவு துரு?

மழைநீரைவிட இங்கே காற்று ஆபத்தானது. வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமிருந்தும், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும் உப்புத்துளி உள்ளே வந்து படிகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் காற்றுதான் காரணம்.

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீராகக் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடு போதும். ஆகவே கூரைக்குக் கீழே நின்றாலும் தகரத்தின் மேல் உப்புப் படலம் இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும். திறந்த வெளியில் நின்ற வண்டியின் மேல்தகட்டை மழையாவது கழுவியிருக்கும். கொட்டகையில் நின்றதற்கு அந்தக் கழுவலும் கிடையாது. தார்ப்பாய் போர்த்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியே இல்லை.

4. மேல பெயின்ட் பளபளன்னுதான் இருக்கு. துருவ எங்க பாக்கணும்?

வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் படுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கவே கூடாது. ஜாக்கி வைக்கும் இடமே துருப்பிடித்திருந்தால் அது தகரத்தைப் பொத்துக்கொண்டு மேலே போய்விடும். அகலமான பலகை வைத்து, பின் ஆக்சிலுக்குக் கீழே தூக்குங்கள். கையில் சின்னச் சுத்தி, மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், மெல்லிய துணி சுற்றிய காந்தம். நல்ல தகரம் தட்டினால் 'டிங்' என்று பேசும், உள்ளே அரித்தது 'சொத்' என்று அமுங்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள், உள்ளே போனால் அங்கே தகரம் இல்லை. காந்தம் ஒட்டாமல் நழுவும் இடத்தில் ஓட்டையை மறைக்கப் பட்டி (நிரப்புப் பசை) பூசியிருக்கிறார்கள்.

அம்பாசடரில் உயிர்நாடி மூன்று இடம். கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் கீழ்ப்பெட்டி, பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) முன்முனை மாட்டும் இடம், டார்ஷன் பாரின் பின்முனை பிடித்திருக்கும் குறுக்குப் பெட்டி. பழைய மார்க் (அம்பாசடரின் மாடல் வரிசைப் பெயர்) வண்டிகளில் முன் சஸ்பென்ஷனைத் தாங்குவது நீளமான டார்ஷன் பார் கம்பி. அதன் பிடிமானம் அரித்திருந்தால் ஓடும்போதே முன்பக்கம் அமர்ந்துவிடும். ஃபியட்டில் கீழ்ப்பெட்டியோடு முன் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களையும் பின் பட்டை மாட்டும் இடங்களையும் பாருங்கள். ஹெரால்டில் சேஸின் நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைப் பாருங்கள். பாடி அழகாக இருக்க, இந்தக் கைகள் மட்டும் பொடிந்து போயிருப்பது ஹெரால்டின் வழக்கம்.

கதவின் அடிவிளிம்பு, ஸ்டெப்னிக் குழி, ஹெட்லைட்டுக்குப் பின்புறம், முன் கண்ணாடி ரப்பரின் கீழ்மூலை ஆகியவையும் ஓட்டை விழும் இடங்கள்தாம். டிங்கர் வேலை தெரிந்தவர் அவற்றைச் சரிசெய்துவிடுவார், அதற்காக வண்டியைக் கைவிட வேண்டாம். முன்சொன்ன மூன்றில் இரண்டு போயிருந்தால், வேலை செய்யும் செலவுக்கு நல்ல உடலோடு வேறு வண்டியே வாங்கிவிடலாம் என்பது எங்கள் கணிப்பு.

5. நல்லா தண்ணி அடிச்சுக் கழுவிட்டா உப்பு போயிடும்ல?

எந்தத் தண்ணீர் என்பதில்தான் விஷயம். கரையோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உவர். அதில் கழுவினால் பழைய உப்பு போய்ப் புது உப்பு வரும். மழைநீர் முதல் தரம், காவிரிக் கூட்டுக் குடிநீர் அடுத்தது. தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் விற்கும் கடையில் கிடைக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) ஒன்று கையில் இருக்கட்டும்.

மீட்டரால் கழுவும் தண்ணீரை முதலில் அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியின் அடியிலிருந்து வழியும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அளந்து பாருங்கள். முதல் கழுவலில் எண் பல மடங்கு ஏறியிருக்கும். உள்ளே போன எண்ணும் வெளியே வந்த எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை, நாள் இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். கீழ்ப்பெட்டிக்குள்ளும் கதவுக்குள்ளும் குழாயைச் செருகிக் கழுவுங்கள். அதற்குமுன் அடியில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். கழுவியதும் வெயிலில் கதவு திறந்தபடி இரண்டு நாள் காயட்டும்.

6. ஆர்.சி. புக் தொலஞ்சு போச்சு, வாப்பாவும் மவுத்தாயிட்டாங்க. வண்டி ரோட்டுக்கு வருமா?

வரும், ஆனால் செலவு தொடங்கும் முன் இதை முடியுங்கள். ஆர்.சி. நகலுக்குப் படிவம் 26, காலமானவரிடமிருந்து வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. காவல் நிலையத்தில் தொலைந்ததற்கான சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்து ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்., எம்.டி., டி.என். என்று தொடங்கும் பழைய மூன்றெழுத்து எண் என்றால் கணினியில் வண்டியே தெரியாமல் போகலாம். அப்போது முதலில் பதிந்த அலுவலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து விவரம் எடுத்து ஏற்ற வேண்டும். இங்கேதான் பலர் அலைகிறார்கள். 1985-இல் பிரிக்கப்படும் வரை இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களும் ராமநாதபுரம் மாவட்டமாகவே இருந்தன, மாவட்டத் தலைமையகம் மதுரையில் இருந்தது. அதனால் டிஎன் 65 அலுவலகத்தில் 'இல்லை' என்றால் மதுரையிலும் மற்ற இரண்டு ஊரிலும் விசாரித்துவிட்டுத்தான் நம்பிக்கையை விட வேண்டும்.

7. 15 வருசம் தாண்டினா ஸ்கிராப்புக்குத்தான் போகணுமாமே?

வயதை மட்டும் காரணம் காட்டித் தமிழ்நாட்டில் சொந்த வண்டியின் பதிவை ரத்து செய்வதில்லை. டெல்லி வட்டாரத்துக்கான கட்டுப்பாட்டை இங்கேயும் உண்டென்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தகுதிச் சோதனையில் தேறி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைத் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய், வரி தனி. பல ஆண்டு புதுப்பிக்காமல் விட்டிருந்தால் தாமதக் கட்டணமும் சேரும்.

8. பேட்டரி மாட்டி ஒரு தடவ செல்ஃப் அடிச்சுப் பாத்துரலாமே?

அந்த ஒரு தடவையில்தான் பல இன்ஜின்கள் வீணாகின்றன. சிலிண்டர் சுவரில் துரு ஏறி ரிங் ஒட்டியிருக்கும், ஒரு வால்வு திறந்தபடி இறுகியிருக்கும். செல்ஃப் மோட்டாரின் பலத்தில் ரிங் உடையும், புஷ் ராடு வளையும்.

எல்லா பிளக்கையும் கழற்றி, ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில்) டீசலும் சம அளவு கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 மில்லி விடுங்கள். ஒரு வாரம் ஊறட்டும், நடுவில் ஒருமுறை இன்னும் கொஞ்சம் விடலாம். ராக்கர் கவரைத் திறந்து வால்வு ஸ்பிரிங் ஒவ்வொன்றிலும் எண்ணெய் விட்டு, வால்வுகள் அசைகின்றனவா பாருங்கள். பழைய ஆயிலை வடித்துப் புது ஃபில்டரும் 20டபிள்யூ-40 ஆயிலும் போடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க, முன்பக்கம் செருகி இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலால் மெல்லச் சுற்றுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கும் பழக்கம் இப்போதே வரட்டும், பின்னால் இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு தப்பும். அசையவில்லை என்றால் மறுபடி ஊறவிடுங்கள். ஹேண்டிலில் இரும்புக் குழாயைச் செருகிப் பலம் கூட்டாதீர்கள். ஒரு மாதம் ஊறியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

சுற்ற ஆரம்பித்ததும் பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறும்வரை விடுங்கள். பிறகு நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி, ஆனால் நான்குக்கும் இடையே வித்தியாசம் 15 விழுக்காட்டுக்குள் இருப்பதுதான் முக்கியம். பேட்டரி மாட்டும் முன் ஒன்று: லூகாஸ் ஒயரிங் உள்ள மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இரண்டு கேபிளையும் தொடர்ந்து பார்த்துவிட்டு, ஒரு 21 வாட் பல்பைப் பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவில் கோத்து இணையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போதே பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ எலி கடித்த ஒயர் பாடியைத் தொடுகிறது.

9. டேங்க்ல பழைய பெட்ரோல் இருக்கு. அதுலயே புதுசு கலந்து ஊத்தலாமா?

கூடாது. பழையது வார்னிஷ் நாற்றமடிக்கும் பிசினாகியிருக்கும், கார்புரேட்டர் ஜெட்டை ஒரே நாளில் அடைத்துவிடும். டேங்கைக் கழற்றி வடித்து, எண்ணி வைத்த சின்ன நட்டுகள் கால் கிலோவும் 2 லிட்டர் டீசலும் போட்டுக் குலுக்கி, அழுக்கு வருவது நிற்கும்வரை மாற்றுங்கள். போட்ட நட்டும் எடுத்த நட்டும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் காலி டேங்க் தானே என்று வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும், ஆள் போய்விடும். ரேடியேட்டர் கடைக்காரர்கள் வெந்நீரில் பலமுறை அலசிவிட்டு ஈயப்பற்று வைப்பார்கள், அதுவே வழி.

இப்போது வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் அதில் ஊறி மெத்தென்றாகிக் கசியும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும், நம் கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் போட்டு, மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்துவிடுங்கள். இந்த வண்டிகள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. அது 2000-இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. எப்படியும் ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் போட்டுவிடச் சொல்லுங்கள்.

10. பிரேக் மிதிச்சா பிடிக்குதே, அது போதாதா?

போதாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் வீல் சிலிண்டரின் உட்சுவரில் குழி விழ வைக்கும். இன்று பிடிக்கும், ஒரு வாரத்தில் கசியும். மாஸ்டர் சிலிண்டர், எல்லா வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் மூன்றையும் மொத்தமாக மாற்றுங்கள், பாதி பாதியாகச் செய்யாதீர்கள். இரும்பு பிரேக் பைப்பும் வெளியே துரு கண்டிருக்கும். அதற்குப் பதில் ஃப்ரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாயைச் சில பட்டறைகளில் வளைத்துப் போட்டுவிடுகிறார்கள். அதிர்வில் அது விரிசல் விடும். பிரேக்குக்கென்றே வரும் 3/16 அங்குலக் குழாய் வேண்டும். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எடுப்பது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி வரிசையாக அருகில் வர வேண்டும்.

டயரில் பூ தேயாமல் இருக்கலாம், ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் ஊருக்குள் ஓட்டக்கூட அது உதவாது. வண்டியை வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கயிறு கட்டி இழுக்காமல் சமதளத் தட்டு வைத்த வண்டியில் ஏற்றுங்கள். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-இல்தான். அதற்குமுன் ராமேஸ்வரம் தீவுக்கு வந்த கார்கூட இப்படி எதிலாவது ஏறித்தான் வந்திருக்கும்.

11. அடிப்பலகை ஓட்டைய வல்லம் செய்யுற ஃபைபர் பட்டறையில குடுத்து அடைச்சா மலிவா முடிஞ்சிரும்ல?

இந்தக் கரையில் மட்டுமே வரும் கேள்வி இது, தவறும் இங்கேதான் அதிகம் நடக்கிறது. வல்லத்துக்கு (மீன்பிடிப் படகு) ஃபைபரே உடம்பு. காருக்கு இரும்புதான் உடம்பு, அதன் மேல் ஃபைபர் ஒரு போர்வை. போர்வைக்கு அடியில் உப்பும் ஈரமும் சிக்கி, துரு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். இரண்டு மழைக்காலத்தில் ஃபைபர் தனித் தட்டாகக் கையோடு வரும். கேள்வி 4-இல் சொன்ன மூன்று இடங்களிலும் ஃபைபர் போடுவது உயிரோடு விளையாடுவது.

அரித்ததைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டு, தரைக்கு 18 கேஜ், மேல்தகட்டுக்கு 20 கேஜ் தகரம் வைத்து மிக் வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். ஒரே ஓட்டமாக இழுத்தால் தகடு நெளியும், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளி என்று வைத்து வரவேண்டும். கீழ்ப்பெட்டியை வெட்டும் முன் கதவுச் சட்டத்துக்குள் குறுக்குக் கம்பி வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, பிறகு கதவு மூடாது. ஃபைபர் பட்டறையிலிருந்து எடுத்துக்கொள்ள நல்ல பொருள் ஒன்று உண்டு: படகு இரும்புக்கு அடிக்கும் துத்தநாக எபாக்சி பிரைமர். வெல்டிங் முடிந்த அன்றே அதை அடித்துவிடுங்கள், வெறும் இரும்பு இந்தக் காற்றில் ஒரு ராத்திரிகூட நிற்கக்கூடாது.

12. மண் அடிச்சுத் துரு எடுக்கலாமா? கடற்கரை மண்ணுதான் கெடக்கே.

கடல் மணலில் உப்பு இருக்கிறது. அதை அழுத்தத்தில் அடித்தால் உப்பை இரும்புக்குள் தைத்துவிடுகிறோம். சாதாரண மணல் தூசி நுரையீரலையும் கெடுக்கும். கார்னெட் மணலோ செம்புக் கசடோ வைத்து அடிப்பவரிடம் கொடுங்கள், அதுவும் சஸ்பென்ஷன் பாகம், ஹெரால்டு சேஸ் போன்ற தடித்த இரும்புக்கு மட்டும். கூரை, பானெட், கதவு மூன்றும் சூட்டில் நெளியும். அவற்றைப் பெயின்ட் ரிமூவர் போட்டுக் கையால்தான் சுரண்ட வேண்டும்.

13. சரி, இப்ப முக்கியமான விசயம். கம்பெனியில வந்த மாதிரியே வைக்கிறதா, நம்ம இஷ்டத்துக்கு மாத்திக் கட்டுறதா?

இந்தக் கேள்விக்கு இன்று பதில் சொல்லாதீர்கள். முதலில் உப்பை நிறுத்துங்கள், காகிதத்தை முடியுங்கள், வண்டியைப் பழைய இன்ஜின், பழைய கியர், பழைய சீட்டோடு ஓட வையுங்கள். 1000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு யோசியுங்கள். டிஸ்க் பிரேக் வேண்டும், ஏசி வேண்டும், தரை கியர் வேண்டும் என்று எழுதி வைத்த பட்டியலில் பாதி அதற்குள் தானாக உதிரும். பிரேக் பிடிக்கவில்லை என்ற குறை வீல் சிலிண்டர் மாற்றியதும் தீர்ந்திருக்கும். ஸ்டீயரிங் கனம் என்ற குறை கிரீஸ் வைத்து டயர் மாற்றியதும் தீர்ந்திருக்கும்.

அப்புறமும் ஆசை இருந்தால் மூன்றைப் பாருங்கள். வண்டி அரிதா? ஹெரால்டு, முதல் இரண்டு மார்க் அம்பாசடர், 1960-களின் ஃபியட் ஆகியவற்றின் பழைய உருவமே அவற்றின் மதிப்பு, தயவுசெய்து வெட்டாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள இன்ஜினே இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். காணாமல் போன பொருள் எவ்வளவு? டேஷ், கண்ணாடிச் சட்டம், கைப்பிடி, விளக்கு எல்லாம் முன்பே போய்விட்ட பிந்தைய மாடல் அம்பாசடரோ பத்மினியோ என்றால், சட்டத்துக்குள் நின்று உங்கள் விருப்பப்படி கட்டுவதில் எங்களுக்கு வருத்தமில்லை. அப்படி மிச்சமான வண்டிகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

14. பழசுக்குத் திரும்புற மாதிரி என்னென்ன மாத்தலாம்?

ஓட்டை போடாமல், வெட்டாமல், கழற்றினால் பழையது அப்படியே வரும் மாற்றங்கள் நிறைய உண்டு. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் (பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த வண்டியில் முதலில் முனையை மாற்றிக்கொண்டு), பாயின்டுக்குப் பதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன், ஹெட்லைட்டுக்குத் தனி ரிலேவும் தடித்த ஒயரும், கண்ணாடி ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தகட்டு ஃபியூஸ் பெட்டி. ஒயரிங் மாற்றுவதாக இருந்தால் ஈயம் பூசிய செம்பு ஒயர் வாங்குங்கள், படகு ஒயரிங் செய்பவர்களிடம் கிடைக்கும். வெறும் செம்பு இங்கே சீக்கிரம் பச்சை பூக்கும்.

சீட் பெல்ட் போடுவதை நாங்கள் மாற்றமாகவே எண்ணுவதில்லை, கட்டாயம் போடுங்கள். மாட்டும் இடத்தில் அடியிலிருந்து 3 மில்லிமீட்டர் தகட்டு வலு வேண்டும், வெறும் தரைத் தகட்டில் போல்ட் இறுக்கினால் விபத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கழற்றிய ஒவ்வொரு பழைய பொருளையும் கிரீஸ் தடவி, பெயர் எழுதி, பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டியோடுதான் வண்டிக்கு மதிப்பு.

15. டீசல் இன்ஜின் ஏத்தணும், கூரைய வெட்டித் திறந்த காராக்கணும். ஆர்டிஓ ஒத்துக்குவாரா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்த நிறுவனம் குறிப்பிட்டு ஆர்.சி.யில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது. கூரையை வெட்டுவதும் பாடி வகையை மாற்றுவதும் இதில் நேராக விழும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பதும் இதைத்தான்.

எரிவாயு, பேட்டரி போன்ற மாற்று எரிபொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்த இதே சட்டத்தில் இடமுண்டு. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். 'எல்லாம் பார்த்துக்கலாம்' என்று எந்தப் புரோக்கர் சொன்னாலும், ஒப்புதல் தாளைக் கையில் வாங்கிய பிறகு மட்டுமே வேலையைத் தொடங்குங்கள்.

16. 50 வருசம் தாண்டிருச்சு. விண்டேஜ்னு பதிஞ்சா நல்லதா?

2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பாடி, சேஸ், இன்ஜின் மூன்றும் மாற்றப்படாமல் இருக்கும் வண்டிக்குத்தான் அந்தத் தகுதி. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், அடுத்த பதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் விண்டேஜாகப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை தொழுகைக்கும் சனிக்கிழமை சந்தைக்கும் ஓட்ட ஆசைப்படுபவர் கேள்வி 7-இல் சொன்ன சாதாரணப் புதுப்பிப்பிலேயே இருந்துவிடுங்கள். கேள்வி 13-இல் அவசரப்பட வேண்டாம் என்றதற்கு இதுவும் காரணம்: ஒருமுறை இன்ஜினை மாற்றிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

17. சேஸ் நம்பர் துருவுல அரிச்சு பாதி எழுத்து தெரியல. லேத்துல குடுத்து மறுபடி குத்திக்கலாமா?

நீங்களாகக் குத்தினால் உங்கள் சொந்த வண்டியே திருட்டு வண்டியாகத் தோன்றும். அரத்தால் தேய்க்காமல், மர ஆப்பும் மண்ணெண்ணெயும் வைத்து மெல்லத் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து பக்கவாட்டு டார்ச்சில் பலமுறை தெரியும். அதன் பிறகும் படிக்க முடியாவிட்டால் பழைய ஆர்.சி., இன்சூரன்ஸ் தாள், கேள்வி 1-இல் எடுத்த பென்சில் பிரதி எல்லாவற்றோடும் ஆர்டிஓவிடம் எழுத்தில் விண்ணப்பித்து, அவர் உத்தரவின்பேரில் மட்டுமே எண்ணைப் பொறிக்க வேண்டும். தகரவேலைக்காரரிடமும் நம்பர் உள்ள துண்டை வெட்டக்கூடாது என்று முதல் நாளே சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக் காட்டிவிடுங்கள்.

18. தம்பி வித்துரலாங்கிறான், நான் மாத்திக் கட்டணுங்கிறேன், அம்மா தொடவே கூடாதுங்கிறாங்க. என்ன செய்ய?

பெயர் மாற்றத்துக்கு எல்லா வாரிசின் கையெழுத்தும் வேண்டும் என்பதால் மூவரும் ஒத்துப்போகாமல் எதுவும் நகராது. மூன்று பேருக்கும் பொதுவான வேலை ஒன்று இருக்கிறது: உப்பைக் கழுவுவது, துருவை நிறுத்துவது, காகிதத்தை எடுப்பது. விற்பவருக்கு விலை கூடும், மாற்றுபவருக்கு அடித்தளம் ஆகும், தொடக்கூடாது என்பவருக்கு வண்டி பிழைக்கும். அதுவரை ஆகும் செலவை ஒரு நோட்டில் எழுதிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் அப்பா உட்கார்ந்த சீட், அவர் பிடித்த ஸ்டீயரிங். அந்த இரண்டையும் மாற்றுவதில்லை என்று சொல்லிப் பாருங்கள், மற்றதற்கு அவர் சம்மதிக்கக்கூடும்.

19. எல்லாம் முடிஞ்சு மறுபடியும் இதே ஊர்லதான் நிறுத்தணும். எப்படிக் காப்பாத்துறது?

தரை முதலில். மண்தரை ராத்திரியெல்லாம் ஈரத்தை மேலே அனுப்பும். தடித்த பாலிதீன் விரித்து அதன் மேல் சிமென்ட் தளம் போடுங்கள். இரண்டு பக்கம் காற்று போகும்படி மேலே ஜன்னல் வேண்டும், கடல் பார்த்த பக்கம் மட்டும் சுவர் முழுசாக இருக்கட்டும். போர்த்துவது பருத்தித் துணியாக இருக்க வேண்டும். கீழ்ப்பெட்டி, கதவு, டிக்கி மூலை எல்லாவற்றுக்குள்ளும் மெழுகுக் கலவையைக் குழல் வைத்துப் பீய்ச்சுங்கள், வாடைக்காலம் தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒருமுறை. சைலன்சர் வாயில் கம்பி வலை, எலிக்கு.

மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பதைப் பராமரிப்பு என்று பலர் நம்புகிறார்கள். அதனால் சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தண்ணீர்தான் சேரும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள், இன்ஜின் முழுச் சூடாகட்டும். தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் போய்வந்தால் அன்றிரவே, மறுநாளுக்குத் தள்ளாமல், அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, வழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள்.